மைவரை உலகமும் பெருமணல் உலகமும்: கடற்கரையைக் காக்கும் மணற்குன்றுகள்

தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்தனர் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்கிறோம். இந்நான்கு நிலங்களையும் தொல்காப்பியர் அகத்திணையியலில் அறிமுகப்படுத்தும்போது வேறு தொடர்களால் சுட்டுகிறார். முல்லை காடுறை உலகம். குறிஞ்சி மைவரை உலகம். மருதம் தீம்புனல் உலகம். நெய்தல் பெருமணல் உலகம். இவற்றுள் நான்காவது பெயர் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று நாம் விளக்கம் சொல்லிப் பழகியிருக்கிறோம். தொல்காப்பியத்திலோ அந்நிலத்தின் பெயர் கடலால் அமையவில்லை, மணலால் அமைந்திருக்கிறது. பெயரிட்டவர் கருதியது எதுவாயினும், இன்றைய கரையியல் அறிவோடு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. கரையைக் கரையாக நிறுத்தி வைப்பது அங்குக் குவிந்து கிடக்கும் மணலே என்பது அவ்வறிவின் முதற்பாடம்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வாழும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கடற்கரை மணலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் வாழ்வது மைவரை உலகம். மேகம் தவழும் மலை என்ற பொருளில் வரும் அத்தொடர், தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இன்றும் பொருந்தும். ஆயினும் பெருமணல் உலகத்தின் கதை தொடங்கும் இடம் மைவரை உலகமே. ஆகவே மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் மணலின் வழியே சென்று, கரையில் அது குன்றாகி நிற்பதையும், நின்று கரையைக் காப்பதையும், அவ்வறிவைத் தமிழும் மலாயும் சொற்களில் சேமித்து வைத்திருப்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மலையில் பிறக்கும் மணல்

தீத்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. கேமரன் மலையும் அதன் ஒரு பகுதியே. கருங்கல்லை நாம் ஒரே பொருளாகக் காண்கிறோம். அதனுள் பல கனிமங்கள் கலந்துள்ளன. மழையும் வெப்பமும் அதை நெடுங்காலம் தாக்கும்போது, அவற்றுட் சில கரைந்தும் சிதைந்தும் களிமண்ணாகின்றன. படிகக்கல் எனப்படும் குவார்ட்சு மட்டும் எளிதில் சிதைவதில்லை. அது சிறுசிறு மணிகளாக உதிர்கிறது. அம்மணிகளே மணல்.

உதிர்ந்த மணலை ஓடைகள் ஆறுகளில் சேர்க்கின்றன. கேமரன் மலையில் பிறக்கும் தெலோம், பெர்த்தாம் ஆகிய ஆறுகள் இயற்கையாகக் கிழக்கு நோக்கி இறங்கி ஜெலாய் ஆற்றில் சேர்வன. ஜெலாயும் தெம்பிலிங்கும் கூடும் இடத்தில் பகாங் ஆறு பெயர் பெறுகிறது. 459 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு தீபகற்ப மலேசியாவிலேயே மிக நீண்டது. பெக்கானுக்கு அப்பால் தென்சீனக் கடலில் கலக்கிறது. மலையில் உதிர்ந்த ஒரு மணல்மணி அத்தொலைவைக் கடக்க எத்தனையோ ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு வெள்ளத்திலும் சிறிது நகரும். பின் ஆற்றுப்படுகையில் தங்கும். அடுத்த வெள்ளத்தில் மீண்டும் புறப்படும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஆற்றில் வரும் எல்லா மண்ணும் கரையாவதில்லை. களியும் வண்டலும் மிக நுண்ணியவை. அவை நீரில் மிதந்து கடலுக்குள் நெடுந்தொலைவு செல்லும். அலை வீசும் கரையில் தங்கமாட்டா. கரையில் தங்குவது மணல் மட்டுமே. ஆகவே மலைச்சரிவைத் திறந்து போட்டு மண் கரையவிட்டால் கடற்கரை வளரும் என்று எண்ணலாகாது. அவ்வாறு கரையும் மண், ஆற்றைக் கலக்கி நீர்த்தேக்கத்தைத் தூர்க்கிறது. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே ரிங்லெட்டில் 1963இல் அமைந்த நீர்த்தேக்கம் இதற்குக் கண்கூடான சான்று. மேலே திருத்தப்பட்ட சரிவுகளிலிருந்து வரும் மண்ணும் மணலும் அதனுள் படிந்துகொண்டே இருக்கின்றன. அதைத் தூர்வாரும் வேலையும் ஓயாமல் தொடர்கிறது. மேலும், கிழக்கே ஓடவேண்டிய நீரின் ஒரு பகுதி மின்னாக்கத்தின் பொருட்டுச் சுரங்கவழியே மேற்கே பேராக் பக்கம் திருப்பப்படுகிறது. அணையில் தங்கிய மணல் கடலுக்குச் சேராது. அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் அள்ளப்படும் மணலும் அவ்வாறே. கரைக்கு வரும் வரவு மலையிலும் ஆற்றிலும் குறையக்கூடும் என்பதை மலைவாழ் மாணவர் அறிந்துகொள்வது நலம்.

குன்று உருவாகும் முறை

ஆறு கொண்டுவந்த மணலைக் கடல் ஏற்றுக்கொண்டு, அலையாலும் கரையோர நீரோட்டத்தாலும் கரைநெடுகப் பங்கிடுகிறது. அமைதியான பருவத்து அலைகள் மணலைச் சிறிது சிறிதாகக் கரைமேல் ஏற்றுகின்றன. ஏறிய மணல் வெயிலில் உலர்கிறது. உலர்ந்த மணலைக் காற்று எடுத்துக்கொள்கிறது.

மணலைக் காற்று நகர்த்தும் முறையை விரிவாக ஆராய்ந்தவர் ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவருடைய நூல் 1941இல் வெளிவந்தது. மணல்மணிகளிற் பெரும்பாலானவை பறந்து செல்வதில்லை; துள்ளிச் செல்கின்றன. ஒரு மணி எழும்பிச் சிறிது தொலைவு சென்று விழும், விழும் வேகத்தில் வேறு மணிகளைத் தெறிக்கச் செய்யும், அவையும் துள்ளும். இத்துள்ளல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே நிகழ்கிறது. கடற்கரையில் காற்று வீசும்போது கணுக்காலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஏற்படுவது இதனால்தான். காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் பெறும்போது உலர்ந்த நுண்மணல் நகரத் தொடங்குகிறது. வேகம் கூடக் கூட நகரும் மணலின் அளவு பன்மடங்காகப் பெருகுகிறது.

துள்ளிவரும் மணலை எது நிறுத்துகிறது? ஒரு கொடியோ புல்லோ போதும். இலையிலும் தண்டிலும் பட்டுக் காற்றின் வேகம் தணிகிறது. மணல் அங்கேயே விழுகிறது. சாதாரணச் செடியாயின் மணலில் மூடுண்டு மடிந்துவிடும். மணற்குன்றின் தாவரங்களோ மூட மூட மேலே தளிர்க்கும் இயல்புடையவை. புதைந்த தண்டின் கணுக்களில் புதிய வேர் இறங்கும். நுனி மேலே எழும். மணல் உயர்கிறது, கொடியும் உயர்கிறது. இவ்வாறு காற்றும் மணலும் தாவரமும் சேர்ந்து எழுப்புவதே கரையோர மணற்குன்று.

தேயிலைத் தோட்டத்து மாணவர்க்கு இதை விளக்குவது எளிது. சரிவில் நெருங்கி நிற்கும் தேயிலைச் செடிகளின் விரிந்த தலை, மழைத்துளியின் வேகத்தைத் தணித்து மண்ணைக் காக்கிறது. கவ்வாத்து வெட்டியபின் கிளைகளைத் தரையிலேயே பரப்பி வைப்பதும் அதே நோக்கத்துக்கு உதவுகிறது. மலையில் மழைக்கு எதிராகத் தேயிலை செய்வதையே கரையில் காற்றுக்கு எதிராகக் கொடிகள் செய்கின்றன.

களமும் குதிரும்

இனி, குன்று கரையைக் காக்கும் விதத்தைப் பார்ப்போம். குன்று ஒரு மதில்போல் நின்று அலையைத் தடுக்கிறது என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மை. மதில் இடிந்தால் அதன் பயன் முடிந்தது. குன்றோ இடிந்து கொடுப்பதன் மூலமே தன் பணியைச் செய்கிறது.

உழவர் வாழ்விலிருந்து ஓர் உவமை சொல்லலாம். அலை புரளும் வெண்மணற் பரப்பு நெற்களம் என்றால், அதன் பின்னே நிற்கும் மணற்குன்று குதிர். விளைச்சல் மிகுந்த காலத்தில் களத்து நெல் குதிருக்குச் செல்கிறது. பஞ்ச காலத்தில் குதிரிலிருந்து நெல் வெளியே வருகிறது. மலேசியக் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காலத்துப் பேரலைகள் கரைமணலை வாரிச் செல்கின்றன. அலை குன்றின் அடியை எட்டும்போது குன்று சரிகிறது. சரிந்த மணல் கடலுக்குள் சென்று, கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் நீண்ட திட்டாகப் படிகிறது. பின்வரும் பேரலைகள் அத்திட்டின்மேல் தட்டி, கரையை எட்டுமுன்பே உடைந்து வலுவிழக்கின்றன. கரையை அரித்த மணலே அடுத்த அலைக்குத் தடையாகிவிடுகிறது. பருவம் மாறி அலைகள் தணிந்தபின், திட்டின் மணல் மெல்ல மெல்லக் கரையேறுகிறது, உலர்கிறது, காற்றால் குன்றுக்குத் திரும்புகிறது. குதிர் மீண்டும் நிறைகிறது.

ஆகவே மழைக்காலத்தின் முடிவில் குன்றின் முகம் செங்குத்தாக வெட்டுண்டு நிற்பதைக் கண்டு கரை அழிந்தது என்று அஞ்ச வேண்டியதில்லை. எடுத்த மணல் திரும்புவதற்கு இடமும் காலமும் இருக்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. குன்றிருந்த இடத்தில் சாலையோ கட்டடமோ வந்துவிட்டால் எடுப்பதற்கும் மணல் இராது. திரும்புவதற்கும் இடம் இராது. அதற்கு மாற்றாகக் கல்லால் சுவர் எழுப்பினால், அலை அதில் மோதித் திரும்பும் வேகத்தில் சுவரின் அடியிலுள்ள மணலையும் வாரிச் செல்லும். சுவருக்குப் பின்னுள்ள கட்டடம் பிழைக்கலாம்; முன்னுள்ள கரை தேய்ந்துபோகும்.

குன்றுக்கு மற்றொரு பயனும் உண்டு. அதன்மேல் பெய்யும் மழைநீர் மணலுக்குள் இறங்கித் தேங்குகிறது. நன்னீர் உவர்நீரைவிட எடை குறைந்ததாதலின், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீரை அது அழுத்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட கணக்கு. கடலுக்கு மிக அருகில் மணலைத் தோண்டி மீனவர் குடிநீர் எடுப்பதன் உட்பொருள் இதுவே. குன்றைத் தட்டையாக்கினால் அந்நீர்மட்டம் தாழும். உவர்நீர் உள்ளே புகும்.

சொற்களில் நிற்கும் அறிவு

மொழியைக் கற்பிப்போர் இங்குச் சிறிது நின்று கவனிக்க வேண்டும். இன்றைய பாடநூல்களிலும் செய்திகளிலும் மணல்மேடு என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் குறித்துவிடுகிறது. அலை ஒதுக்கிய குவியலும் மணல்மேடு. காற்று எழுப்பிய குன்றும் மணல்மேடு. கட்டட வேலைக்காகச் சாலையோரம் கொட்டிய மணலும் மணல்மேடு. பழந்தமிழில் இந்த மயக்கம் இல்லை. அலையும் ஆறும் கொண்டுவந்து இட்ட மணற்குவியலுக்கு எக்கர் என்று பெயர். உரையாசிரியர்கள் இடுமணல் என்று அதற்குப் பொருள் கூறுவர். கரையோரச் சோலை கானல் எனப்பட்டது. சிலப்பதிகாரத்துக் கானல்வரி அதனாற் பெயர் பெற்றது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் இரும்புச்சத்தால் சிவந்து பரந்து கிடக்கும் பழைய மணற்குன்றுகளை மக்கள் இன்றும் தேரி என்றே வழங்குகின்றனர். மண்ணில் கண்ட வேறுபாடே சொல்லிலும் வேறுபாடாயிற்று.

தாவரப் பெயர்கள் இன்னும் சுவையானவை. மணலை முதலில் பற்றும் கொடி அடும்பு. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மணலோடு அது அடிக்கடி இணைந்து வருகிறது. அதன் இலை நுனியில் இரண்டாகப் பிளவுபட்டிருக்கும். குறுந்தொகையின் 243ஆம் பாடல் அவ்விலையை மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. இலத்தீனில் அமைந்த அறிவியற் பெயர் அதை ஆட்டின் அடி என்கிறது. மலாய் மொழியில் அது தாப்பாக் கூடா, அதாவது குதிரைக் குளம்பு. ஒருவரையொருவர் அறியாத மூன்று மரபினர் ஒரே இலையைக் கண்டு ஒரே வகையான உவமையை எட்டியிருக்கின்றனர். அவரவர் நிலத்தில் நன்கறிந்த விலங்கு மட்டும் மாறுகிறது.

அடும்புக்குத் துணையாக நிற்பது இராவணன் மீசை என்னும் புல். கூரிய, விறைத்த இலைகளால் அப்பெயர் பெற்றது எனலாம். மலாயில் அதன் பெயர் ரும்புட் லாரி-லாரி. ஓடும் புல் என்பது பொருள். முற்றிய அதன் கதிர், முள்ளுருண்டை போலப் பிரிந்து காற்றில் கரைநெடுக உருண்டோடி விதை பரப்பும். தமிழர் நிற்கும் புல்லைப் பார்த்துப் பெயரிட்டனர். மலாய்க்காரர் ஓடும் கதிரைப் பார்த்துப் பெயரிட்டனர். இரு பெயர்களையும் சேர்த்துக் கற்கும் மலேசிய மாணவர் அப்புல்லின் வாழ்க்கை முழுவதையும் கற்றவராவர்.

நிலப்பெயர்களும் இவ்வாறே பேசுகின்றன. மலேசியக் கரையோரச் சமவெளிகளில், கடலுக்கு இணையாக வரிவரியாகச் செல்லும் மணல்வரப்புகள் உண்டு. அவற்றை மலாயில் பெர்மாத்தாங் என்பர். ஒவ்வொரு வரப்பும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்து, கடல் பின்வாங்கியபின் உள்நாட்டில் தங்கியது. வரப்புகளுக்கு இடையில் தாழ்ந்த சதுப்பு நிலம் கிடக்கும். மக்கள் மேட்டில் வீடு கட்டிப் பள்ளத்தில் நெல் விளைத்தனர். பினாங்கு மாநிலத்துப் பெர்மாத்தாங் பாவ் போன்ற ஊர்கள் இன்று கடலிலிருந்து விலகியிருந்தாலும், பழைய கரையை அவற்றின் பெயர் நினைவூட்டுகிறது. தமிழகத்தில் மணமேல்குடி என்னும் ஊர்ப்பெயரை மணல்மேல் குடி என்று விளக்குவர். குடியேறியோர் மேட்டின் மதிப்பை அறிந்தே குடியேறினர்.

குன்றை இழந்த இடங்கள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இவ்வறிவின் மதிப்பு கொடிய முறையில் உறுதிப்பட்டது. இலங்கையின் யால பகுதியில் கடற்கரை விடுதி ஒன்று இருந்தது. விருந்தினர்க்குக் கடற்காட்சி நன்கு தெரியவேண்டும் என்று அதன் முன்னிருந்த மணற்குன்றின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது. பேரலை அவ்வழியே உட்புகுந்தது, விடுதி முற்றாக அழிந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் அங்குச் சென்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவினர் இதைப் பதிவு செய்துள்ளனர். எந்தக் குன்றும் எந்தப் பேரலையையும் தடுத்துவிடும் என்று இதற்குப் பொருளன்று. ஆற்றுமுகம் போன்ற திறப்பு இருக்கும் இடத்தில் குன்றைச் சுற்றியும் நீர் வரும். ஆனால் இயற்கையில் இல்லாத திறப்பை நாமே உண்டாக்கினால், நீருக்கு நாமே வழிகாட்டியவர்களாவோம்.

வரவு தடைப்பட்டால் நிகழ்வதற்குச் சென்னை சான்று. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்நகர்வு தடைப்பட்டது. தெற்கில் மணல் சேர்ந்து மெரினாக் கரை அகன்றது. வடக்கில் இராயபுரப் பக்கத்துக் கரை அரிப்புக்கு உள்ளாயிற்று. ஒரு கரையின் ஆதாயம் மறுகரையின் இழப்பாக முடிந்தது.

தாவரத்தை இழந்தால் குன்றே பகையாகவும் மாறும். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்னும் ஊர் உள்ளது. அங்குப் பழைய தேவாலயம் ஒன்றின் இடிபாடு மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. பிடிப்பற்ற மணல் காற்றோடு உள்நோக்கி நகரும் என்பதற்கு அது நிலையான சாட்சி. அத்தகைய இடங்களில் சவுக்கு நட்டு மணலை நிறுத்துவதுண்டு. அதற்கும் ஓர் எல்லை உள்ளது. சவுக்கின் உதிர்ந்த ஊசிகளும் நிழலும் அடும்பையும் புல்லையும் வளரவிடா. கடலை நோக்கிய முன்முகத்தில் கொடியும் புல்லும், அதன் பின்னே தாழையும் புன்னையும் என்று இயற்கை வகுத்த வரிசையே நிலைத்த காப்பு.

இந்தியக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991இல் வந்தபோதே மணற்குன்றுகளைத் திருத்துவதும் மாற்றுவதும் தடைசெய்யப்பட்டன. 2011ஆம் ஆண்டு அறிவிக்கை அவற்றைச் சூழலியல் முதன்மை வாய்ந்த இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் ஏட்டில் உள்ள காப்பு மணலில் செயற்படுவதற்கு, எது மணற்குன்று என்பதைக் காண்போர் அறிந்திருக்க வேண்டும். தரிசு என்றும் வெறும் மணல் என்றும் பேசப்படும் ஒன்றை எவரும் காக்க முற்படார். அள்ளிச் செல்வோர்க்கு அது கட்டடப் பொருள். சமன் செய்வோர்க்கு அது வீட்டுமனை. எக்கர் என்றும் தேரி என்றும் பெர்மாத்தாங் என்றும் பெயர் சொல்லத் தெரிந்தவர்க்கே அது ஒரு நிலவுரு. தனக்கென ஒரு தொழிலுடைய நிலவுரு.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இப்பொருளை மூன்று வழிகளில் கற்பிக்கலாம். ஒன்று, நெய்தல் திணையைக் கற்பிக்கும்போது கருப்பொருள்களை வெறும் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்யாமல், அடும்பும் தாழையும் புன்னையும் கரையில் எவ்வரிசையில் நிற்கின்றன, ஏன் அவ்வாறு நிற்கின்றன என்று கேட்கலாம். இரண்டு, தோட்டத்து ஓடையில் மழைக்குப் பின் ஒரு புட்டியில் நீரெடுத்து அசையாமல் வைக்கச் சொல்லலாம். மணல் உடனே அடியில் தங்கும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். கரையாவது எது, கலங்கலாய் மறைவது எது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். மூன்று, மாணவர்கள் தம் குடும்பத்துப் பெரியோரிடமும் மலாய் நண்பர்களிடமும் மணல், கரை, ஆறு தொடர்பான சொற்களைக் கேட்டுத் தொகுக்கலாம். அகராதியில் இடம்பெறாத சொல் கிடைத்தால், அதைச் சொன்னவரின் ஊரோடும் பொருளோடும் குறித்து வைக்க வேண்டும்.

நானிலங்களையும் நான்கு தனித்தனிப் பெட்டிகளாகக் கற்றால் இவ்வுறவு புலப்படாது. மைவரை உலகத்தில் உதிர்ந்த மணியே தீம்புனல் வழியாக இறங்கிப் பெருமணல் உலகத்தில் குன்றாகிறது. கேமரன் மலையின் சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கும் தேயிலைச் செடியும், பெக்கானுக்கு அப்பால் கடல்முகத்தில் மணலைப் பிடித்து நிற்கும் அடும்பும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் பணிசெய்கின்றன. மலையில் ஆறு தெளிந்து ஓடுவதும், அதன் படுகையில் மணல் எஞ்சியிருப்பதும், கரையில் குன்று நிற்க இடம் இருப்பதும் ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கரை குறையும்.